வாலை ஒட்ட நறுக்காதீர்கள்

குழந்தைகளுக்கான கதைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே ஒரு கேள்வி வந்து குறுக்கே நிற்கிறது: "அதெல்லாம் சரி, இதைப் படித்துக் குழந்தை என்ன கற்றுக் கொள்ளும்?" இதைக் கேட்கிறவர் பெரும்பாலும் நல்லவர். குழந்தைகளிடம் உண்மையான அக்கறை உள்ளவர். புத்தகக் கடையில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, நீதி என்று ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவதுபோல, கதையின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறார்.

அயோக்கியர்களோடு சண்டை போடுவது சுலபம். நான் சண்டைக்கு வந்திருப்பது இந்த நல்லவர்களோடு.

சண்டைக்குக் காரணம் சீனத்துக் கதைகள். சமீப காலத்தில் சீன நாடோடிக் கதைகளையும் புராணங்களையும் ஆதாரமாகக் கொண்டு குழந்தைகளுக்கான சாகசக் கதைகள் ஏராளமாக வருகின்றன. புத்தகமாக வருகின்றன, படக்கதையாக வருகின்றன, சினிமாவாகவும் வருகின்றன. கல்லிலிருந்து பிறந்த குரங்கு, நெருப்புச் சக்கரத்தில் ஏறிப் பறக்கும் சிறுவன், பறக்கத் தெரியாத டிராகன் என்று அற்புதமான ஜனங்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் வருகிற வழியில், 'குழந்தைகளுக்கு ஏற்ற முறையில்' என்று சொல்லிக் கொண்டு, பெரியவர்கள் கத்தரிக்கோலோடு காத்திருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

துறுதுறுவென்று விஷமம் செய்யும் பிள்ளையை நாம் 'வால்' என்று சொல்வோம். கோபம் வந்தால் 'வாலை ஒட்ட நறுக்கி விடுவேன்' என்போம். சீனத்துக் கதைகளின் உயிர் அந்த வாலில்தான் இருக்கிறது. அதை நறுக்கிவிட்டால் மிச்சம் இருப்பது குரங்கு அல்ல, பொம்மை.

இது வெறும் ரசனைத் தகராறு அல்ல என்பதற்குச் சீன தேசத்திலிருந்தே ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன். நவீன சீன இலக்கியத்தின் தலைமகன் என்று போற்றப்படும் லூ ஷுன் 1881-ல் பிறந்தவர். 1926-ல், தம்முடைய பால்ய காலத்து நினைவுகளைச் சில கட்டுரைகளாக எழுதினார். அவற்றில் இரண்டு புத்தகங்களைப் பற்றிய சமாசாரம் வருகிறது.

ஒரு புத்தகம், தாய் தந்தையரிடம் பக்தி செலுத்திய இருபத்து நான்கு பேருடைய கதை. சீனத்தில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் கையில் கொடுக்கப்பட்ட நீதிப் புத்தகம் அது. அதிலே குவோ ஜூ என்கிற ஏழை ஒருவனின் கதை இருக்கிறது. வீட்டில் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. அவனுடைய தாயார் தன் பங்கு உணவைப் பேரனுக்குக் கொடுத்து விடுகிறாள். தாய் பட்டினி கிடப்பதைப் பொறுக்காத அந்த உத்தமன், தன் மூன்று வயதுப் பிள்ளையைப் புதைத்துவிடுவது என்று தீர்மானித்துக் குழி தோண்டுகிறான். குழியில் தங்கம் கிடைக்கிறது. பிள்ளை பிழைக்கிறது. சுபம்.

பெரியவர்களுக்குத் தங்கம் கண்ணில் படுகிறது. சிறுவன் லூ ஷுன் கண்ணில் குழிதான் பட்டது. குடும்பமோ நொடித்துப் போய்க் கொண்டிருக்கிறது; வீட்டிலே பாட்டி இருக்கிறாள்; தகப்பனாரும் குவோ ஜூவைப்போல உத்தமராகிவிட்டால் நம் கதி என்ன? இந்தப் பயம் பையனைப் பிடித்துக் கொண்டது. பக்தியை வளர்க்க வந்த புத்தகம் பாட்டியைக் கண்டாலே நடுங்க வைத்துவிட்டது!

இன்னொரு புத்தகம், 'மலைகளும் கடல்களும்' என்கிற புராதன நூலின் படம் போட்ட பதிப்பு. மனித முகம் கொண்ட மிருகம், ஒன்பது தலைப் பாம்பு, ஒற்றைக் கால் மாடு, தலை போன பிறகும் மார்பில் கண்ணும் தொப்புளில் வாயுமாகக் கோடரி ஏந்தி ஆடும் ஷிங்டியன் ஆகியவர்கள் அதில் குடியிருக்கிறார்கள். நம் ராமாயணத்துக் கவந்தனை அறிந்தவர்களுக்கு ஷிங்டியன் அந்நியன் அல்ல. இந்தப் புத்தகத்துக்காக லூ ஷுன் ஏங்கிக் கிடந்தார். படித்த பெரியவர்கள் யாரும் அந்த ஏக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. கடைசியில் அதை வாங்கிக் கொடுத்தவள் எழுத்து வாசனையே இல்லாத வேலைக்காரி. புத்தகத்தின் பெயரைக்கூட அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மட்டமான காகிதம், கோணல் மாணலான படங்கள். ஆனாலும் அந்தச் சிறுவனுக்கு அதுதான் பொக்கிஷம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிற்காலத்தில் ஒரு தேசத்தின் மனசாட்சியாக விளங்கப்போகிற பையனுக்கு எந்தப் புத்தகம் பயத்தைக் கொடுத்தது, எது ஆனந்தத்தைக் கொடுத்தது? தலையில்லாத பூதம் அவனைப் பயமுறுத்தவில்லை. தலையுள்ள உத்தமன்தான் பயமுறுத்தினான்.

நல்லவர்கள் இதைக் கேட்டுத் திருந்திவிடவில்லை. 1931-ல் ஹுனான் மாகாணத்தின் தலைவராக இருந்த ஹோ ஜியான் என்கிற ராணுவத் தளபதி, பள்ளிப் பாடப் புத்தகங்களில் நாயும் பூனையும் மாடும் மனிதரைப்போலப் பேசுவதைக் கண்டித்துக் கல்வி இலாகாவுக்கு எழுதினார். மிருகங்களை உறவு முறை வைத்து அழைப்பது அவருக்குப் பெரிய விபரீதமாகத் தோன்றிற்று. எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் பதிலுக்குக் கிளம்பினார்கள். பத்திரிகைகளில் பெரிய விவாதமே நடந்தது. இதைக் கேட்டால் இன்று நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் தளபதி ஒரு விஷயத்தைச் சரியாகவே மோப்பம் பிடித்தார் என்பது என் கட்சி. மிருகம் பேச ஆரம்பித்தால், கண்ட இடத்தில் கண்ட கேள்வியைக் கேட்கும். குரங்கு பேசினால் சக்கரவர்த்தியைப் பார்த்தே பேசும்.

சீனத்தில் அப்படித்தான் பேசிற்று. 'மேற்கு நோக்கிய யாத்திரை' என்கிற நூறு அத்தியாயப் பெருங்கதையில் அந்தக் குரங்கு வருகிறது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய அச்சுப் பிரதி 1592-ல் வந்தது. வூ செங்கன் எழுதியதாக மரபு. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, காஞ்சிபுரம் வரைக்கும் நடந்து, 645-ல் ஊர் திரும்பிய யுவான் சுவாங்தான் அந்தக் கதையில் வரும் துறவிக்கு மூலம். அவருக்கு வழித்துணையாக வரும் சுன் வுகோங் என்கிற குரங்கைக் கண்டதும் நமக்கு அனுமன் ஞாபகம் வரும். சீனத்து அறிஞர் ஹூ ஷீக்கும் வந்தது. அனுமனே மூலம் என்று கருதினார். லூ ஷுன் அதை ஒப்பவில்லை. உள்ளூர்ப் புராணத்துக் குரங்கு ஒன்றைக் காட்டினார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் குணத்தில் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அனுமன் கை கட்டி நிற்பவன். இவன் கை கட்டத் தெரியாதவன்.

தேவலோகத்தில் இவனுக்கு ஓர் உத்தியோகம் கொடுக்கிறார்கள். குதிரை லாயத்தைப் பார்த்துக் கொள்ளும் வேலை. அது அந்தஸ்தே இல்லாத கடைநிலை வேலை என்று தெரிந்ததும் கோபித்துக் கொண்டு புறப்பட்டு விடுகிறான். 'விண்ணுக்கு நிகரான மகா முனிவர்' என்று பட்டம் வைத்துக் கொள்கிறான். பீச் பழத் தோட்டத்துக்குக் காவல் போட்டால் பழத்தைத் தின்று தீர்க்கிறான். விருந்துக்கு அழைப்பு இல்லை என்று தெரிந்ததும் விருந்தையே காலி செய்கிறான். லட்சம் தேவர் படையும் அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் புத்தரின் உள்ளங்கையைத் தாண்ட முடியாமல் தோற்று, மலைக்கு அடியில் ஐந்நூறு வருஷம் கிடக்கிறான். அதற்குப் பிறகுதான் யாத்திரை. தலையில் ஒரு பொன் வளையம். குரு மந்திரம் சொன்னால் அது இறுகி மண்டையைப் பிளக்கும். எண்பத்தொரு சோதனைகளுக்குப் பின் அவனும் புத்த பதவி அடைகிறான். அப்போது தலையைத் தடவிப் பார்க்கிறான். வளையத்தைக் காணோம்!

இதைவிட அழகாக ஒரு பிள்ளை வளர்கிற கதையை யார் சொல்ல முடியும்? முதலில் துடுக்கு, பிறகு அதற்குக் கொடுக்கும் விலை, அப்புறம் வேலை, முடிவில் விடுதலை. நாலும் சேர்ந்ததுதான் கதை. ஒன்றை எடுத்தாலும் மற்ற மூன்றும் பொய்யாகிவிடும்.

ஆங்கிலேயர் ஆர்தர் வேலி 1942-ல் இதை மொழிபெயர்த்தபோது நூறு அத்தியாயங்களில் முப்பதைத்தான் எடுத்துக் கொண்டார். அதற்காக நான் அவரோடு சண்டை போட மாட்டேன். சுருக்குவது வேறு, நறுக்குவது வேறு. முப்பது அத்தியாயத்திலும் குரங்குக்கு வால் இருக்கிறது.

நறுக்கலுக்கு உதாரணம் வேண்டுமானால், வான் லைமிங் ஷாங்காயில் எடுத்த புகழ்பெற்ற கார்ட்டூன் படத்தைப் பாருங்கள். 1961-ல் ஒரு பாகமும் 1964-ல் ஒரு பாகமுமாக முடிந்த படம். சித்திரத்தில் அதற்கு இணை சொல்வது கஷ்டம். ஆனால் அதில் குரங்கு தேவலோகத்தைத் துவம்சம் செய்துவிட்டு வெற்றியோடு தன் மலைக்குத் திரும்பிவிடுகிறான். புத்தரின் கை இல்லை. ஐந்நூறு வருஷம் இல்லை. கலகத்துக்கு விலையே கிடையாது என்று ஒரு காலம் குழந்தைகளிடம் சொல்ல ஆசைப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அடுத்துக் கலாசாரப் புரட்சி வந்தபோது, அந்தப் படமே திரைக்கு வராமல் முடங்கிக் கிடந்தது. கலகத்துக்கு விலை உண்டா இல்லையா என்பதைப் படம் சொல்லாவிட்டாலும் படத்தின் கதை சொல்லிவிட்டது.

ஆக, வாலை நறுக்குகிறவர்கள் பழமைவாதிகள் மட்டும் அல்ல. ஒருவர் துடுக்கை வெட்டுவார். இன்னொருவர் துடுக்குக்கு உரிய விலையை வெட்டுவார். இருவருக்கும் குழந்தையிடம் நம்பிக்கை இல்லை.

நேஜாவின் கதைக்கு நேர்ந்தது இன்னும் சுவாரஸ்யமானது. இந்த நேஜா நமக்கு ஒரு விதத்தில் உறவு. குபேரனுடைய பிள்ளை நளகூபரன்தான் பௌத்த நூல்கள் வழியாகச் சீனத்துக்குப் போய் நேஜா ஆனான் என்று மெய்ர் ஷஹார் என்கிற ஆராய்ச்சியாளர் 2015-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். கண்ணன் உரலை இழுத்துக்கொண்டு போய்ச் சாய்த்த இரண்டு மருத மரங்களில் ஒன்றாக நின்றானே, அந்த நளகூபரன்! ஊர் விட்டு ஊர் போனதும் பையனுக்கு என்ன வேகம் வந்துவிட்டது!

'தேவர்களின் பதவியேற்பு' என்கிற பழைய சீனக் கதையில் நேஜா ஏழு வயதுச் சிறுவன். ஆற்றில் குளிக்கப் போனவன் விளையாட்டாகத் தொடங்கி, டிராகன் அரசனின் மகனைக் கொன்றுவிடுகிறான். அரசர்கள் வந்து பெற்றோரைப் பிடிக்கிறார்கள். தகப்பன் லி ஜிங் நடுங்குகிறான். 'என் குற்றத்துக்கு அவர்களைத் தண்டிக்க வேண்டாம்' என்று நேஜா தன் உடம்பைப் பெற்றவர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு உயிரை விடுகிறான். தாய் ரகசியமாக ஒரு கோயில் கட்டுகிறாள். அதைக் கண்டுபிடித்த தகப்பன், பிள்ளையின் சிலையை உடைத்துக் கோயிலையும் கொளுத்துகிறான். குருநாதர் தாமரையால் உடம்பு செய்து நேஜாவை எழுப்புகிறார். எழுந்ததும் அவன் முதல் காரியமாகத் தகப்பனைத் துரத்துகிறான். கடைசியில் தகப்பன் கைக்கு ஒரு மாய கோபுரம் கிடைக்கிறது. அது இருக்கும் வரைக்கும் பிள்ளை அடங்கி நடக்கிறான். அந்தக் கோபுரத்தை லி ஜிங் கீழே வைப்பதே இல்லை. அன்பால் வந்த சமாதானம் அல்ல அது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

பெற்றோரைத் தெய்வமாகக் கொண்டாடிய ஒரு சமூகம், இருபத்து நான்கு உத்தமர்களின் கதையைச் சொன்ன அதே வாயால், இந்தக் கதையையும் நூற்றாண்டுக் கணக்காகச் சொல்லி வந்திருக்கிறது. ஏன்? ஜனங்களுக்கு உள்ளூரத் தெரியும். குழிக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் ஒரு கதை வேண்டும்.

இப்போது கத்தரிக்கோலைப் பாருங்கள். 1979-ல் ஷாங்காயில் எடுத்த படத்தில் தகப்பனைத் துரத்தும் கட்டம் போய்விட்டது. ஆனால் அந்தப் பிள்ளையின் சாவும், தகப்பனின் கோழைத்தனமும் மறைக்கப்படவில்லை. பார்த்த குழந்தைகள் தொண்டை அடைத்து உட்கார்ந்திருப்பார்கள். 2019-ல் வந்த நேஜா படத்திலோ தகப்பனார் தியாகி. பிள்ளைக்குப் பதிலாகத் தாமே உயிரைக் கொடுக்க ஏற்பாடு செய்கிறார். அன்பான தாய், அன்பான தந்தை. கோபமெல்லாம் விதியின் மேல், ஆகாயத்தின் மேல். 2025-ல் வந்த அதன் இரண்டாம் பாகம், உலகத்திலேயே அதிக வசூல் கண்ட கார்ட்டூன் படம் என்று பெயர் வாங்கிவிட்டது. வாங்கட்டும். படத்தில் திறமைக்குக் குறைவில்லை. ஊரார் வெறுக்கும் பிள்ளையின் தனிமையை அது நன்றாகவே காட்டுகிறது. ஆனால் ஒரு சின்னக் கேள்வி. கோபத்தைத் தகப்பனிடமிருந்து ஆகாயத்துக்கு ஏன் மாற்றினார்கள்? ஆகாயம் டிக்கெட் வாங்குவதில்லை. டிக்கெட் வாங்கிக் குழந்தையைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறவர் தகப்பனார்!

"அப்படியானால் பிள்ளைகள் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு தகப்பனைத் துரத்த வேண்டும் என்கிறீரா?" என்று நல்லவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், தட்டிக் கழிக்க மாட்டேன்.

குழந்தைக்குக் கோபத்தைக் கற்றுக் கொடுப்பது கதை அல்ல. செய்யாத குற்றத்துக்கு அடி வாங்கிய அன்றைக்கே குழந்தை அதைக் கற்றுக் கொண்டுவிட்டது. 'நான் செத்துப் போனால் இவர்கள் அழுவார்கள், அப்போது தெரியும்' என்று இருட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்காத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? அந்தக் கோபத்துக்குப் பெயர் இல்லை, உருவம் இல்லை, வெளியே சொல்ல வாய் இல்லை. கதை அதற்கு ஓர் உருவம் கொடுக்கிறது. அதோடு நிற்பதும் இல்லை. அந்தக் கோபம் எதுவரைக்கும் போகும், யார் யாரை அழ வைக்கும், எங்கே வந்து முட்டி நிற்கும் என்று கடைசி வரை கூட்டிக் கொண்டு போய்க் காட்டுகிறது. தனியாக இருட்டில் கிடந்த பிள்ளைக்கு, இது எனக்கு மட்டும் வந்த கோபம் அல்ல, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவனுக்கு வந்திருக்கிறது என்று தெரிகிறது. அந்த ஆறுதலை எந்த நீதி வாக்கியம் கொடுக்கும்? 'பெற்றோரை மதிக்க வேண்டும்' என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். சுவர்ப் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பிப் படுத்துக் கொள்ளும்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். வாய்வழிக் கதை ஒவ்வொரு வாயிலும் மாறத்தான் செய்யும். கிரேஸ் லின் என்கிற அமெரிக்க எழுத்தாளர் தைவானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். 'மலை நிலவைச் சந்திக்கும் இடம்' என்ற பெயரில் 2009-ல் ஒரு நாவல் எழுதினார். மறு வருஷம் அதற்கு நியூபெரி கௌரவம் கிடைத்தது. பழைய சீனக் கதைகளைப் பிய்த்து, கலந்து, தம் இஷ்டப்படி புதிதாகக் கோத்திருக்கிறார். வறண்ட மலையடிவாரத்துச் சிறுமி மின்லி, தன் குடும்பத்தின் அதிர்ஷ்டம் ஏன் இப்படி இருக்கிறது என்று நிலவுக் கிழவரைக் கேட்கப் புறப்படுகிறாள். வழியில் பறக்க முடியாத டிராகன் துணைக்கு வருகிறது. கிழவரிடம் போய்ச் சேர்ந்தால், ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்கிறார். இவளுக்கு ஒரு கேள்வி, டிராகனுக்கு ஒரு கேள்வி. மின்லி தன் கேள்வியை விட்டுவிட்டு டிராகனுக்காகக் கேட்கிறாள்.

இங்கே ஒரு நீதி இருக்கிறது என்று நல்லவர்கள் குதூகலிக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். எந்தப் பெரியவரும் அவளிடம் 'விட்டுக் கொடு' என்று உபதேசிக்கவில்லை. பெற்றோரிடம் சொல்லிக் கொள்ளாமல் வீட்டை விட்டுப் புறப்பட்ட பெண் அவள். அந்தத் துடுக்கு இல்லாவிட்டால் அந்தத் தியாகமும் இல்லை. அது மட்டுமா? சதா வறுமையை நினைத்துப் பெருமூச்சு விட்டுக் கொண்டிருந்த தாய்தான், மகளைப் பிரிந்து தவித்த பிறகு, தன்னையே கதையாகச் சொல்லி மனம் திருந்துகிறாள். பெரியவர்களும் கற்றுக் கொள்ள வேண்டியிருக்கிறது என்று சொல்கிற குழந்தைப் புத்தகம் எத்தனை கண்டிருக்கிறீர்கள்?

ஜீன் லுவென் யாங் 2006-ல் வெளியிட்ட படக்கதை, அமெரிக்காவில் பிறந்த சீனப் பையனைப் பற்றியது. 2007-ல் பிரின்ட்ஸ் பரிசு பெற்றது. அதிலும் நம் குரங்கு வருகிறான். தேவர்களின் விருந்துக்குப் போனால், காலில் செருப்பு இல்லை என்று வாசலில் நிறுத்துகிறார்கள். அவமானப்பட்டுத் திரும்பியவன் தன் குடிகள் எல்லாரும் பாதரட்சை அணிய வேண்டும் என்று கட்டளை போடுகிறான். மரத்தில் தொத்தும் குரங்குக்குப் பாதரட்சை! வேற்று முகத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்தில் நுழையும் பிள்ளையின் மனசை, பதினாறாம் நூற்றாண்டுக் குரங்கைக் கொண்டே சொல்லிவிட்டார். எத்தனையோ மாற்றினார், வாலைத் தொடவில்லை.

ஆகவே என்னுடைய அளவுகோல் மிகவும் சாதாரணமானது. கதையை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள். மாற்றி முடித்த பிறகு, அதில் வரும் சின்னவன் பெரியவனைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்க இன்னும் இடம் இருக்கிறதா? கேட்டதற்குரிய விலையைக் கொடுக்கிறானா? இரண்டும் இருந்தால் அது கதை. இல்லையென்றால் எவ்வளவு வர்ணம் பூசினாலும் அது ஆபீஸ் சுற்றறிக்கை.

நல்லவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அந்தக் குரங்கையோ, அந்தத் தாமரைப் பிள்ளையையோ உங்கள் வீட்டுக்கு அழைத்து வரும்போது, கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதீர்கள். குழந்தை படித்து முடித்ததும் 'என்ன கற்றுக் கொண்டாய்?' என்றும் கேட்காதீர்கள். பேசாமல் இருங்கள். குழந்தை உங்களைக் கேட்கும். "அந்த அப்பா ஏன் கோயிலைக் கொளுத்தினார்?" என்று கேட்கும்.

அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லத் தயாராக இருங்கள். அதற்குப் பயந்துதானே கத்தரிக்கோலை எடுத்தீர்கள்?